பத்துச் செடியின் சராசரி

ஜனவரி 9

புதுவருஷத்துக்குக் கொம்பனி எல்லோருக்கும் ஒரு டயறி கொடுத்தது. அட்டையில் பச்சை இலைப் படம், அதுவும் அந்த இலை. இதைக் கையில் பிடித்துக்கொண்டு வவுனியா பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டரே பொலிசுக்குச் சொல்லிவிடுவான். பழைய பேப்பரால் உறை போட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் காணி வாங்கக் காசு கனடாவிலிருந்து வரும், மாப்பிள்ளை கனடாவிலிருந்து வருவார். இப்போது கஞ்சா விதையும் கனடாவிலிருந்து வந்திருக்கிறது. அரசாங்க அனுமதியோடு, முள்ளுக்கம்பி வேலிக்குள், ஏற்றுமதிக்கு வளர்க்கிறார்கள். நான் அங்கே இரசாயனகூடத்தில் வேலை. பூவைக் காயவைத்து, அரைத்து, கரைத்து மெசினுக்குள் விட்டால் அதற்குள் என்னென்ன எவ்வளவு இருக்கிறதென்று மெசின் சொல்லும்.

இரண்டு சாமான்தான் முக்கியம். டி.எச்.சி. தலையைச் சுற்றவைப்பது. சி.பி.டி. தலையைத் தொடாமல் நரம்பை மட்டும் அடக்குவது. கனடாச் செடியில் முதலாவது அள்ளிக் கொட்டிக் கிடக்கிறது, கொம்பனிக்கும் அதுதான் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கவென்று மூலையில் ஒரு பாத்தியில் நாட்டுச் செடி மூன்று வகை நட்டிருக்கிறோம். முதல் இரண்டு வகையும் வழக்கமான சாமான். மூன்றாம் வகைக்கு விதை, காடு எரித்துப் பயிர் செய்கிற ஒரு சேனையிலிருந்து வந்தது. அதில் டி.எச்.சி. பேருக்குத்தான் இருக்கிறது, சி.பி.டி. நிறைய. மனேச்சர் அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, பிரயோசனமில்லாத சாதி என்று தூக்கி வைத்தார். நான் வாயே திறக்கவில்லை.

மகளுக்குக் கொடுக்கிற எண்ணெயைப் பற்றி இதில் எண்ணெய் என்று மட்டும் எழுதுவேன். எந்தப் பாத்தியிலிருந்து வருகிறதென்று எழுதமாட்டேன். வேலையும் வேண்டும், மானமும் வேண்டும்.

இந்தக் கிழமை ஆரணிக்கு ஒரே ஒரு வலிப்பு. போன வருஷம் இதே நேரம் ஒரு நாளைக்கே ஏழு, எட்டு.

ஜனவரி 15

பொங்கல். முற்றத்தில் கோலத்துக்கு மாவை ஆரணிதான் போட்டாள். கோணல்மாணலாக வந்தது, ஆனால் ஒருவரும் பிடிக்காமல் தானாகக் குந்தியிருந்து போட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை கோலம் போட்டதற்குக் கண்ணீர் விட்ட முதல் தாய் நானாகத்தான் இருப்பேன்.

இவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த எண்ணெய் குடுக்கிற மட்டக்களப்பு வைத்தியருக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம், வதனி. ஒருக்காப் போய் வேட்டி சால்வை குடுத்துப்போட்டு வருவமே?"

"அவர் ஆக்களைச் சந்திக்கிறேல்லை."

"ஆக்களைச் சந்திக்காமல் என்ன வைத்தியர் அவர்?"

"இஞ்சாருங்கோ, பானை பொங்கி வழியுது. அதைப் பாருங்கோ முதல்."

இவர் நல்ல மனிதர். தபால் கந்தோரில் இருபது வருஷம், ஒரு முத்திரை குறைந்ததில்லை. சட்டத்துக்கு மாறாக ஒன்று செய்யச் சொன்னால் இரவு நித்திரை வராது. அதனால்தான் மட்டக்களப்பில் ஒரு வைத்தியர் பிறக்க வேண்டியதாயிற்று.

ஜனவரி 28

கிளினிக். டொக்டர் சிவகௌரி ஆரணியை நேர்கோட்டில் நடக்கவைத்துப் பார்த்தார். முதலாம் வகுப்புப் புத்தகத்தை விரித்து வைத்தார். அணில், ஆடு, இலை என்று எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"நல்ல முன்னேற்றம். மருந்து பிடிச்சிட்டுது" என்றார் டொக்டர். "மூண்டு நேரமும் தவறாமல் குடுக்கிறனீங்கள்தானே?"

"ஓம் டொக்டர்."

பின்னேர மாத்திரையை நவம்பரோடு நிறுத்திவிட்டேன். அது பிள்ளையைத் தூங்குமூஞ்சியாக்கி வைத்திருந்தது. எண்ணெய் இருக்கும்போது அது எதற்கு? நான் ஒன்றும் படிக்காதவள் இல்லை.

பெப்ரவரி 20

தண்ணீர் மோட்டர் பழுது. கிணற்றில் வாளி போட்டு அள்ளி இடுப்பு விட்டுப்போயிற்று. வலிப்பு இல்லை.

மார்ச் 4

இந்த வெயிலுக்கு மனிதர்களே கருகுகிறார்கள், கனடாச் செடி என்ன செய்யும்? காலையில் தோட்ட மேற்பார்வையாளர் பத்மசீலன் கூடத்து வாசலில் நின்று சிரித்தான்.

"அக்கா, உந்தக் கனடாப் பெட்டையள் மீசை வைக்கத் தொடங்கீட்டினம். வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். விதைக்காரர்கள் எல்லாம் பெண் செடி என்று எழுதிக் கொடுத்துத்தான் விற்றவர்கள். வெயிலும் வறட்சியும் அளவுக்கு மிஞ்சினால் சில பெண் செடி பயந்துபோய்த் தானே ஆண் பூவும் விட்டுவிடும், எப்படியாவது விதை வைத்துவிட்டுச் சாகலாமென்று. மஞ்சள் தூள் என் வெள்ளைக் கோட்டுக் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. மனேச்சர் வந்து சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறிமாறிக் கத்தினார். பின்னேரம்வரை ஆட்கள் நின்று அந்தச் செடிகளைப் பிடுங்கினார்கள்.

காற்று நாட்டுப் பாத்திப் பக்கமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. அடித்தால் அடிக்கட்டும். இந்தப் போகத்துப் பூ முற்றிவிட்டது, அதில் ஒன்றும் மாறாது. மாறினால் விதையில்தான் மாறும். அது அடுத்த போகத்துக் கதை, அப்போது மெசினில் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 30

நாட்டுப் பாத்தி அறுவடை முடிந்தது. மூன்றாம் வகையில் விதை நன்றாகக் கட்டியிருக்கிறது. பத்மசீலன் அடுத்த போகத்துக்கென்று எடுத்து வைத்துக்கொண்டான். வீட்டு எண்ணெய் யூலைவரை தாங்கும்.

கந்தோரில் கூட்டம். டொலர் இல்லையாம், மெசினுக்கு வாயுச் சிலிண்டரும் கரைப்பானும் வரத் தாமதமாகுமாம். செலவைப் பாதியாக்கு என்று மனேச்சர் மேசையில் தட்டினார். எல்லோரும் குனிந்துகொண்டிருக்க நான்தான் சொன்னேன். ஒவ்வொரு செடியாக மெசினில் ஓட்டாமல், ஒரு வகைக்குப் பத்துச் செடியின் பூவை ஒன்றாகச் சேர்த்து அரைத்து, அதில் ஒரு மாதிரி மட்டும் ஓட்டலாம். உலகத்தில் எல்லாக் கூடத்திலும் செய்கிற வேலைதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். மனேச்சருக்கு நல்ல சந்தோஷம். எல்லோர் முன்னாலும், மிஸிஸ் சதானந்தன் மட்டும்தான் இங்கே மூளையைப் பாவிக்கிறா என்றார். வரும் வழியில் இவருக்கு அரைக் கிலோ விளைமீன் வாங்கிக்கொண்டு வந்தேன், பாராட்டு வாங்கின புளுகத்தில்.

ஏப்ரல் 14

வருஷப்பிறப்பு. வலிப்பு இல்லை. வேறென்ன வேண்டும்.

மே 22

ஆரணி பள்ளிக்கூடம் போனாள்!

அதிபர் முதலில் இழுத்தடித்தார். மற்றப் பிள்ளைகள் பயப்படுவினம், பெற்றோர் வந்து கதைப்பினம் என்று ஒரு கதை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கடைசியில், வலிப்பு வந்தால் உடனே வந்து கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு சேர்த்தார். தன் வயதுப் பிள்ளைகளைவிட மூன்று வகுப்புக் கீழே. இருக்கட்டும், கீழேயென்றாலும் வகுப்பு வாங்கிலில்தானே இருக்கிறாள், ஆசுபத்திரிக் கட்டிலில் இல்லையே.

மத்தியானம் போய் வேலியால் எட்டிப் பார்த்தேன். கூடச் சின்னதுகள் நாலைந்து. இவள் ஒரு தடியை வைத்துக்கொண்டு ரீச்சர் விளையாட்டு. "கதைக்காதேங்கோ! கதைச்சால் வெளியாலை!" என்று அதட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த அதட்டல் என்னுடையது. இவர் கேட்டால் சிரித்தே செத்துப்போவார்.

யூன் 17

வேலையில் ஒரே இழுபறி. ஏற்றுமதிக்கு முதல் தொகுதி போகிறது, இரவு பகலாய்க் கனடாச் செடி மாதிரிதான். என் கை முழுக்கப் பிசின். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெடியன் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்து மரியாதையாய்ச் சிரித்தான். கோதாரி.

யூலை 18

நாட்டுப் பாத்தியின் இரண்டாம் போகம். மூன்றாம் வகை, பத்துச் செடி, கூட்டு மாதிரி ஒன்று. சி.பி.டி. பழையபடிதான், கொஞ்சம் குறைவு. டி.எச்.சி. போன போகம் நூற்றுக்கு அரை வீதத்துக்கும் கீழே, இந்தமுறை இரண்டு.

யோசித்தேன். மழை பொய்த்த வருஷம், செடி தன்னைக் காக்கப் பிசின் கூட்டியிருக்கும். இரண்டு வீதம் ஒரு கணக்கா? கனடாவில் இருபது. ஒவ்வொரு செடியையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்தால் நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மனேச்சர் இப்போது கையெழுத்து வைக்கிறார். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? என் பிள்ளைக்கு என்றா? அதோடு இந்தக் கூட்டு மாதிரி முறையைக் கொண்டுவந்ததே நான்தானே.

பாதை ஓரமாய் நின்ற செடிதான் நல்ல கொழுகொழுவென்று, மற்றதுகளைவிட ஒரு முழம் உயரமாய் இருந்தது. பூவும் அடர்த்தி. மற்றதுகள் சவலைப் பிள்ளைகள். ஆரணிக்கென்றே வளர்ந்ததுபோல நின்றது, அதில்தான் பறித்தேன்.

எழுதமாட்டேன் என்று சொன்னதை எழுதிவிட்டேன். பரவாயில்லை, உறை போட்ட டயறிதானே.

யூலை 23

நேற்று முதல் புதுப் போத்தல்.

இன்று இரவுச் சாப்பாட்டில் ஒரு புதினம். வழக்கமாய் ஒரு பிடி புட்டுக்கு ஒரு மணித்தியாலம் கெஞ்ச வேண்டும். இன்று தானே கேட்டுக்கேட்டு மூன்று தரம் வாங்கினாள். இவர் மீன் முள்ளை எடுத்து வைக்க, அந்த முள்ளைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக்குலுங்கி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நாங்களும் தொற்றிச் சிரித்தோம். என்ன பகிடி என்று மூன்று பேருக்கும் தெரியாது.

"இப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததேயில்லை" என்றார் இவர். சாமியறையில் போய் நின்றுவிட்டு வந்தார்.

யூலை 26

காலையில் எழுப்பவே முடியவில்லை. பள்ளிக்கூடம் போகவில்லை. கண் சிவந்திருக்கிறது, வெயில் சூடு. நல்லெண்ணெய் வைத்து முழுகவார்த்தேன். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நித்திரைத் தூக்கம்.

யூலை 29

"ஃபான் என்ரை பேர் சொல்லிக் கூப்பிடுது, அம்மா" என்கிறாள். ஃபானை நிறுத்தினேன். நிறுத்திய பிறகும் கூப்பிடுகிறதாம். மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "விழுறன், விழுறன், பிடியுங்கோ" என்று அழுதாள். மடியில் படுத்திருக்கிற பிள்ளை எங்கே விழப்போகிறது? பக்கத்து வீட்டு நவமணியக்கா வேப்பிலை அடிக்கச் சொன்னா. அடித்தேன்.

பின்னேரம் வலிப்பு ஒன்று வந்தது, சின்னதுதான். ஒரு மாதத்துக்குப் பிறகு. எண்ணெயைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன்.

யூலை 31

வலிப்பு இரண்டு. எண்ணெயை இன்னும் கூட்டினேன்.

ஓகஸ்ட் 3

ஆசுபத்திரி. வாட்டுக்கு வெளியே வாங்கிலில் இருந்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். வழக்கமான வலிப்பு என்றுதான் பக்கத்தில் இருந்து தலையைப் பிடித்தேன். அது நிற்கவில்லை. நின்று, மூச்சு எடுக்கமுதல் திரும்பவும் வந்தது. இவர் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு ஓடி, யாரோ ஒருவருடைய சின்னப் பட்டா லொறியில் மரக்கறி மூட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தோம். ஆசுபத்திரி வாசலிலும் அடித்துக்கொண்டேதான் இருந்தது.

டொக்டர் சிவகௌரி ஓடி வந்தார். ஊசிக்கு மேல் ஊசி. இடையில் திரும்பி எங்களைப் பார்த்துக் கேட்டார்:

"வேறை என்ன குடுக்கிறனீங்கள்? மாத்திரையை விட வேறை ஏதும்?"

இவர் சொன்னார்: "சித்த வைத்தியற்றை எண்ணெய் டொக்டர். மட்டக்களப்பிலை."

"என்ன எண்ணெய்? என்ன சேர்ந்தது?"

இவர் என்னைப் பார்த்தார். டொக்டரும் பார்த்தார்.

"மூலிகை" என்றேன்.

"போத்தலைக் கொண்டு வாங்கோ. உடனை வேணும்."

வீட்டுக்குப் போனேன். போத்தல் உடைந்துவிட்டது என்று திரும்பி வந்து சொன்னேன்.

அந்த ஊசிகளுக்குப் பிறகு வலிப்பு நின்றது. பின்னேரம் மூச்சும் குறையத் தொடங்கியது. இப்போது வாயில் குழாய் வைத்து மெசின்தான் மூச்சு விடுகிறது. இந்த மருந்துக்கு இப்படி மூச்சு விழக்கூடாது, ஏனென்று எனக்கு விளங்கேல்லை என்று டொக்டர் நேர்ஸிடம் சொன்னது காதில் விழுந்தது.

ஓகஸ்ட் 4

இவரை வாட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மகள் இப்படிக் கிடக்க வேலைக்குப் போகிறாளே என்று நேர்ஸ் பார்த்த பார்வை! பார்க்கட்டும்.

மனேச்சர் கொழும்பில். யாரிடமும் கேட்கவில்லை. மூன்றாம் வகைப் பத்துச் செடியிலும் தனித்தனியே பூ எடுத்து, பத்து ஓட்டம் ஓட்டினேன். விடியத் தொடங்கி மம்மல் பொழுது ஆயிற்று. பத்மசீலன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனான்.

ஏழு செடி பழைய ஆட்கள்தான். டி.எச்.சி. இருக்கிறதா இல்லையா என்ற அளவு. மூன்று செடி வேறு பிறவி. அதுகளில் இரண்டு சாமானும் சரிபாதி. கனடாத் தகப்பனும் நாட்டுத் தாயும். ஏழு நல்லதையும் மூன்று கெட்டதையும் சேர்த்து அரைத்தால் இரண்டு வீதம் வரும். இரண்டு வீதம் உள்ள செடி அந்தப் பாத்தியில் ஒன்றுகூட இல்லை. இல்லாத ஒரு செடியை மெசின் எனக்குக் காட்டியிருக்கிறது, நானும் நம்பியிருக்கிறேன்.

பாதை ஓரத்துக் கொழுத்த செடி ஆறரை வீதம். கலப்புப் பிள்ளைதான் கொழுத்து வளரும் என்று முதலாம் வருஷப் பெடியனுக்கே தெரியும். பழைய எண்ணெயைப்போலப் பதினாறு மடங்கு. அதையும் கூட்டிக்கூட்டி, வாயைத் திற குஞ்சு, வாயைத் திற ராசாத்தி என்று நான்தான் ஊட்டினேன்.

அவள் சிரித்தது வெறியில். மூன்று பேரும் இருந்து என் பிள்ளையின் வெறியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

ஓகஸ்ட் 5

காலையில் டொக்டரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், செடி, ஆறரை வீதம், பின்னேர மாத்திரை. போத்தல் உடையவில்லை, குசினித் தொட்டியில் ஊற்றிக் கழுவினேன் என்பதையும் சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அண்டைக்கே சொல்லியிருந்தால் நான் வேறை மருந்து போட்டிருப்பன்" என்றார். "பிள்ளையின்ரை உடம்பிலை ஏற்கெனவே அவ்வளவு ஏறிக் கிடக்கு. அதுக்கு மேலை நான் குத்தோ குத்தெண்டு குத்தியிருக்கிறன். கண்ணைக் கட்டிப்போட்டு வைத்தியம் செய்ய விட்டிட்டீங்கள், வதனி."

"வலிப்பு வந்ததும் அதாலைதானே?"

"மாத்திரை நிப்பாட்டினதாலையும் இருக்கலாம், அதாலையும் இருக்கலாம். இனி எனக்கும் தெரியாது." பிறகு, "நான் இதை அறிவிக்கவேணும். சட்டம் அது. அதுக்கு முதல் உங்கடை அவருக்கு நீங்களே சொல்லிப்போடுங்கோ" என்றார்.

வாங்கிலில் பக்கத்தில் இருந்து சொன்னேன். இவருக்கு முதலில் விளங்கவில்லை.

"மட்டக்களப்பு வைத்தியர்?"

"அப்பிடி ஒருத்தர் இல்லை."

"அப்ப அந்த எண்ணெய்?"

"தோட்டத்துச் செடி."

கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில இரவு அந்தக் கையாலும்தான் ஊட்டியவர்.

"கஞ்சாவே? என்ரை பிள்ளைக்குக் கஞ்சாவே குடுத்தனீ? என்ரை கையாலையும் குடுக்கவச்சனீயே, மூதேவி!"

பதின்மூன்று வருஷத்தில் என்னை நீர் என்றுதான் கூப்பிட்டவர். எழுந்து போனார். டொக்டரின் அறிவித்தலுக்குக் காத்திருக்கவில்லை, நேரே பொலிஸ் நிலையத்துக்குத்தான் போனார்.

ஓகஸ்ட் 19

பிணை கிடைத்தது. மறியலில் அடைபட்டிருந்த நாட்களைப் பற்றி எழுதப்போவதில்லை. கொடிகாமத்தில் அக்கா வீட்டில் இருக்கிறேன். வழக்கு முடியும்வரை ஆரணி இருக்கும் இடத்துக்கு நான் போகக்கூடாது என்று நீதவான் உத்தரவு. வேலை போய்விட்டது, கேட்கவும் வேண்டுமா.

அத்தான் என்னோடு கதைப்பதில்லை. அக்கா கதைக்கிறாள், ஆனால் நான் குசினிக்குள் போனால் பின்னாலேயே வருகிறாள். சோற்றுக்குள் எதையாவது போட்டுவிடுவேன் என்று பயமாக்கும்.

ஓகஸ்ட் 23

பத்மசீலன் ஃபோன் எடுத்தான். பொலிசும் கொம்பனிப் பெரியாட்களும் வந்து நாட்டுப் பாத்தி முழுவதையும் வேரோடு பிடுங்கி எரித்துவிட்டார்களாம். மூன்று வகையும்.

"கனடாப் பக்கம் ஒருத்தரும் திரும்பியும் பாக்கேல்லை அக்கா. அது ஏற்றுமதிச் சாமானாம். நாட்டுச் செடியாலைதான் உந்தப் பிரச்சினை வந்ததெண்டு அறிக்கை எழுதியிருக்கினம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா எட்டிப் பார்த்தாள்.

ஓகஸ்ட் 30

ஆரணிக்குக் குழாயை எடுத்து, வாட்டிலிருந்து வீட்டுக்கும் விட்டுவிட்டார்களாம். நவமணியக்கா சொன்னா. எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "இருக்கிறாள்" என்றா.

செப்டம்பர் 8

நல்லூரில் தேர் நாள் கோயிலுக்குப் போகவில்லையே என்று அக்கா இன்னும் புறுபுறுக்கிறாள். எந்த முகத்தோடு போவது?

செப்டம்பர் 21

இவர் வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், பஸ்ஸில். அக்கா கதிரை போட்டுத் தேத்தண்ணி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். என்னை ஆரணியிடம் போகக்கூடாது என்றுதான் உத்தரவு. இவர் இங்கே வரக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

சவரம் செய்யாத முகம். சட்டைக் கழுத்தில் ஊத்தை. இவரை இப்படி நான் பார்த்ததேயில்லை.

"எப்பிடி இருக்கிறாள்?" என்றேன்.

"நேற்று ஒன்பது தரம் வந்தது."

"கதைக்கிறாளே?"

"தண்ணி எண்டுவாள். வேறை ஒண்டும் இல்லை. புத்தகத்தைக் குடுத்தால் கையிலை வச்சுக்கொண்டிருக்கிறாள்."

"மாத்திரை?"

"மூண்டுதரம் மாத்தியாச்சு. கொழும்பிலை ஏதோ புது மருந்தாம், டொக்டர் எழுதிப் போட்டிருக்கிறா. எப்ப வருமெண்டு அவவுக்கும் தெரியாது. அது வருமட்டும் பிள்ளை இருக்கவேணுமே."

தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். திறந்தால் விதை. ஒரு பிடி இருக்கும். மார்ச் மாதத்து விதை, பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது.

"பத்மசீலனட்டைப் போனனான். அவனட்டை மிச்சம் இருந்தது."

"உங்களுக்கென்ன விசரே? என்னைப் பொலிசிலை குடுத்தது நீங்கள்!"

"ஓம். நான்தான் குடுத்தனான்." குரல் உயரவில்லை. "இதிலை நல்லது எது, கெட்டது எது? அதைச் சொல்லும்."

"பாத்துச் சொல்லேலாது. வளந்தாப்பிறகும் சொல்லேலாது. கொழுத்ததை விடலாமெண்டு பாத்தால், சவலையிலையும் கலப்பு இருக்கும். ஒவ்வொரு செடியாய் மெசினிலை பாக்கவேணும்."

"மெசின் இல்லை."

"அப்ப இல்லை. போன போகம் பத்துக்கு மூண்டு கெட்டது."

"ஏழு நல்லதுதானே."

"கணக்கு அப்பிடி இல்லை. அது அந்தப் பத்துச் செடியின்ரை கணக்கு. இந்தப் பெட்டிக்குள்ளை எத்தினை எண்டு ஆருக்குத் தெரியும்? எல்லாமே கெட்டதாயும் இருக்கலாம்."

"வேறை கணக்கு இருந்தால் சொல்லும், வதனி. நேற்று ஒன்பது தரம் வந்தது. நீர் அங்கை இல்லை, நான் இருந்தனான். ஒன்பது தரமும் நான்தான் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

இவர் விதையை உள்ளங்கையில் கொட்டி, விரலால் ஒவ்வொன்றாக ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தார். எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே கோடு. பிறகு மெதுவாய், கந்தோரில் ஒரு பார்சலுக்கு எவ்வளவு முத்திரை என்று சொல்கிற குரலில் சொன்னார்:

"ஒரு செடியிலை எடுத்துக் குடுத்துப் பாப்பம். கொஞ்சமாய்த்தான். சிரிச்சாளெண்டால் அந்தச் செடியைப் பிடுங்கிப்போட்டு மற்றதிலை எடுப்பம்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு தாயாய் இல்லாவிட்டாலும் இரசாயனம் படித்தவளாய்ச் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளையின் மூளையை வைத்துச் செடியைப் பரிசோதிக்க முடியாது, இன்னொரு தரம் அப்படி வந்தால் அந்தத் தண்ணி என்ற சொல்லும் போய்விடும், உயிரும் போய்விடும் என்று. எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது என்ற எண் மட்டும்தான் என் தலைக்குள் நின்றது.

விதைகளைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டு மூடினார். கீழே விழுந்த ஒன்றையும் குனிந்து தேடி எடுத்தார்.

"எவ்வளவு ஆழத்திலை ஊண்டுறது?" என்று கேட்டார்.

நகக்கண் அளவு போதும் என்றேன்.